பத்து விநாடி வழக்கும் ஒரு சிதறிய என்ஜினும்

1908ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில், ஃபெலிச்சே நட்சாரோ என்ற இத்தாலியர் ஒரு ஃபியட் காரை ஓட்டினார். அவர் ஓடிய சுற்றுகளில் ஒன்றின் வேகத்தை ஓடுதளத்தின் மின்சாரக் கருவி மணிக்கு 121.64 மைல் என்று பதிவு செய்தது. அதே சுற்றைக் கையில் கடிகாரம் பிடித்து அளந்தவர்கள் சொன்ன கணக்கு ஏறத்தாழ 108 மைல்தான். ஓடுதளத்தின் நீளம் ஏறக்குறைய 2¾ மைல். வகுத்துப் பார்த்தால் கருவியின் கணக்குப்படி ஒரு சுற்றுக்குச் சுமார் 82 விநாடி. கைக் கடிகாரத்தின் கணக்குப்படி சுமார் 92 விநாடி. வித்தியாசம் பத்து விநாடி.

பத்து விநாடி சிறு பிழையன்று. பழக்கப்பட்ட கை கடிகாரத்தை அழுத்துவதில் அரை விநாடி பிசகலாம். ஒரு விநாடி கூடப் பிசகலாம். பத்து விநாடி பிசகுவதற்குக் கடிகாரக்காரர் உறங்கியிருக்க வேண்டும். மறுபக்கம், அந்த மின்சாரக் கருவியை வடிவமைத்தவர் கர்னல் ஹோல்டன்; புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தையே வடிவமைத்தவரும் அவர்தான். கருவி தவறியது என்றால் அவருடைய மதிப்பும் சேர்ந்து தவறும். இந்த வழக்கு அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. மோட்டார் வரலாற்றாசிரியர்கள் இரு கட்சியாகப் பிரிந்து எழுதியிருக்கிறார்கள். நம் துறையில் ஒரு பாடபேதத்துக்காக இரு தலைமுறைப் பேராசிரியர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், இந்தப் பிடிவாதம் நமக்கு வியப்பளிக்கவில்லை.

இந்த வழக்கில் சாட்சி சொல்லியிருக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காரின் என்ஜின். அதை மீண்டும் ஓட்டிப் பார்த்திருந்தால், சுமை ஏற்றி அளந்திருந்தால், 121 மைல் சாத்தியமா இல்லையா என்று ஓரளவாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சாட்சி எப்படி அழிந்தது, அதன் இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதே நாம் இங்கே சொல்ல வந்த கதை.

முதலில் அந்த ஓடுதளத்தைப் பற்றிச் சிறிது. இங்கிலாந்தில் அக்காலத்தில் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டுவது குற்றம். பிரான்சிலும் இத்தாலியிலும் சாலைப் பந்தயங்கள் நடந்துகொண்டிருக்க, ஆங்கிலேயர்களின் கார்கள் தம் வேகத்தைத் தாமே அறியாமல் இருந்தன. ஹ்யூ லாக் கிங் என்ற நிலவுடைமையாளர் தம் சொந்த நிலத்தில், தம் பணத்தைக் கொட்டி, இருபுறமும் மதில் போல் உயர்ந்து வளையும் கான்கிரீட் ஓடுதளம் ஒன்றைக் கட்டி 1907இல் திறந்தார். அடுத்த ஆண்டே அங்கு நடந்த புகழ்பெற்ற இருவர் போட்டிதான் மேலே சொன்னது. எதிரே நின்றது எஸ்.எஃப். எட்ஜ் என்பவரின் நேப்பியர் கார். பெயர் சாம்சன். ஓட்டியவர் ஃபிராங்க் நியூட்டன். போட்டி முழுமையாக நடக்கவில்லை. சாம்சனின் கிராங்க் ஷாஃப்ட் முறிந்தது. பைபிளின் சாம்சனுக்குக் கூந்தல் போனதும் வலிமை போனது போல, இந்தச் சாம்சனுக்கு அச்சு போனதும் கதை முடிந்தது. நட்சாரோ தனியாக ஓடி வென்றார்.

வென்ற காரின் பெயர் எஸ்.பி.4. அதன் என்ஜினைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து வார்த்த இரு தொகுதிகள். பிஸ்டனின் விட்டம் 190 மி.மீ.; நாம் சாப்பிடும் தட்டைவிடச் சற்றே சிறியது. அது மேலும் கீழும் ஓடும் தூரம் 160 மி.மீ. நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 18 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு சிலிண்டர் மட்டுமே நான்கரை லிட்டர். நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மாருதி 800இன் முழு என்ஜினே 796 கன சென்டிமீட்டர்தான். அப்படிப்பட்ட ஐந்து என்ஜின்களை இந்த ஒற்றைச் சிலிண்டருக்குள் போட்டாலும் இடம் மிஞ்சும். திறன் 175 குதிரைச் சக்தி. இன்றைய கணக்கில் அது பெரிதன்று. ஆனால் அன்றைய என்ஜினீயர்களுக்கு வேகமாகச் சுழலும் என்ஜினைச் செய்யும் உலோகமும் எண்ணெயும் கைவரவில்லை. ஆகவே மெதுவாகச் சுழல்வதைப் பெரிதாகச் செய்தார்கள்.

பெரிதாகச் செய்வதற்கும் ஒரு விலையுண்டு. 190 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் தலையின் பரப்பு 283 சதுர சென்டிமீட்டருக்கு மேல். பெட்ரோல் எரியும் கணத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஐந்தரை டன்னுக்கு மேல் வருகிறது. அந்த ஐந்தரை டன் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அதே ஐந்தரை டன் சிலிண்டர் தொகுதியை மேலே தள்ளுகிறது. கீழே உள்ள கிராங்க் பெட்டியோடு அத்தொகுதியைப் பிடித்து வைத்திருப்பவை சில போல்ட்டுகளும் அவை இறங்கும் வார்ப்பிரும்பு விளிம்பும்தாம். நிமிடத்துக்கு 1200 சுழற்சி என்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்குப் பத்து முறை இந்த இழுபறி நடக்கும். இரும்புக்கு நினைவு உண்டு என்று பட்டறைகளில் சொல்வார்கள். ஒவ்வொரு இழுப்பையும் அது ஒரு மயிரிழை விரிசலாகக் குறித்து வைத்துக்கொள்கிறது.

போர் வந்தது, போயிற்று. எஸ்.பி.4 இங்கிலாந்திலேயே கைமாறிக் கைமாறி, 1922இல் ஜான் டஃப் என்பவரிடம் இருந்தது. டஃப் சீனாவில் பிறந்த கனடாக்காரர். இரண்டாண்டு கழித்து 1924இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை பென்ட்லி காரில் ஃபிராங்க் கிளெமென்ட்டோடு சேர்ந்து வென்றவர். ஆகவே ஓட்டத் தெரியாதவர் கையில் கிடைத்துக் கெட்டது என்று சொல்வதற்கில்லை. புரூக்லண்ட்ஸில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது என்ஜின் வெடித்தது. இரண்டு சிலிண்டர் தொகுதிகளில் ஒன்று கிராங்க் பெட்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு, மூடியிருந்த பானெட்டையும் தூக்கிக்கொண்டு போனது. ஓட்டுநர் உயிர் தப்பினார்.

ஒரு என்ஜின் எப்படிச் செத்தது என்பதை அதன் காயத்தைப் பார்த்தே படிக்கலாம். நம்மூர் மெக்கானிக்குகள் இதில் தேர்ந்தவர்கள். எண்ணெய் வற்றிச் செத்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பேரிங் நீலம் பாய்ந்திருக்கும். கனெக்டிங் ராட் முறிந்தால் அது சுழலும் வேகத்தில் கிராங்க் பெட்டியின் பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஓட்டை பக்கத்தில் இருக்கும். கிராங்க் ஷாஃப்ட் முறிந்தால், சாம்சனுக்கு நேர்ந்தது போல, கூச்சலோடு நின்றுபோகும். வடிகட்டிய எண்ணெயில் மினுங்கும் துகள் வெண்மையா மஞ்சளா என்பதிலிருந்தே எந்த உறுப்பு தேய்ந்தது என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. ஃபியட்டின் காயமோ மேல் நோக்கியது. தொகுதி முழுதாக எழும்பிப் போயிருக்கிறது. மேலே கணக்குப் போட்ட அந்த ஐந்தரை டன் இழுபறியில், பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பிடித்திருந்த பக்கம் தோற்றது என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

காயத்தைப் படித்தபின் எழும் கேள்வி, இதைத் தேற்றுவதா மாற்றுவதா என்பது. 'என்ஜினை இறக்கியாக வேண்டும்' என்று மெக்கானிக் சொல்லும்போது வண்டிக்காரர் முகம் ஏன் மாறுகிறது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எஸ்.பி.4 வரிசையாகச் செய்து விற்ற வண்டியன்று, பந்தயத்துக்கென்று செய்தது. மாற்றுச் சிலிண்டர் கடையில் கிடைக்காது. புதிதாக வார்த்தாலும் அது 1908இன் தொழில்நுட்பத்துக்கு 1922இல் செலவழிப்பதாகும். அந்த ஆண்டின் ஜூலையில்தான் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயம் ஸ்ட்ராஸ்பர்கில் நடந்தது. வென்ற கார் ஒரு ஃபியட். அதன் என்ஜின் வெறும் 2 லிட்டர். ஓட்டியவர், நம்புவதற்குச் சற்றுக் கடினம், அதே நட்சாரோ. பதினெட்டு லிட்டரை அடக்கியவர் நாற்பது வயதில் இரண்டு லிட்டரில் வென்றார். அந்த வெற்றியும் இனிக்கவில்லை. அதே பந்தயத்தில் அவருடைய உடன்பிறந்தார் மகன் பியாஜோ நட்சாரோ ஓட்டிய ஃபியட்டின் பின் அச்சு போய் அவர் இறந்தார். பந்தயம் முடிந்து பார்த்தபோது வென்ற காரின் பின் அச்சிலும் விரிசல் இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. நோயைக் கண்டறிவது சில வேளைகளில் இவ்வளவு தாமதமாகத்தான் நிகழ்கிறது.

சிதைந்த எஸ்.பி.4ஐ வாங்கியவர் எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ். 1897இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயது. இதற்கு முன்பே ஓர் இசோட்டா ஃபிராஸ்கினி காரின் உடலுக்குள் மேபாக் விமான என்ஜினை வைத்து ஓட்டியிருந்தார். இது அக்காலத்தின் வியாதி எனலாம். முதல் உலகப்போர் 1918இல் முடிந்தபோது ஆயிரக்கணக்கான விமான என்ஜின்கள் வேலையின்றி மிஞ்சின. நூற்றுக்கணக்கான குதிரைகள் பூட்டிய யந்திரங்கள் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தன. லூயி ஸ்போரோவ்ஸ்கி பிரபு 1921இல் ஒரு மெர்சிடிஸ் சட்டகத்தில் 23 லிட்டர் மேபாக் என்ஜினை ஏற்றி அதற்கு 'சிட்டி பேங் பேங்' என்று பெயரிட்டார். ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங், 1964இல் வெளிவந்த தம் சிறுவர் கதைக்கு அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். பறக்கும் கார் என்ற அந்தக் கற்பனையின் வேர் நிஜமாகவே ஒரு பறக்கும் யந்திரத்தில் இருந்தது என்பது அந்தத் திரைப்படத்தைப் பார்த்த பலருக்குத் தெரியாது.

எல்ட்ரிட்ஜ் தேர்ந்தெடுத்தது ஃபியட்டின் ஏ.12 விமான என்ஜின். இத்தாலியச் சட்டகத்துக்கு இத்தாலிய என்ஜின் என்ற பொருத்தம் தற்செயலா, வேண்டிச் செய்ததா என்று நாம் யோசித்ததுண்டு. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வால்வு, 21.7 லிட்டர், 320 குதிரைச் சக்தி. பழையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு திறன். ஆனால் மாற்றுவது என்பது பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கிவிடும் காரியமன்று. நான்கு சிலிண்டருக்கு வெட்டிய இடத்தில் ஆறு சிலிண்டர் நீளவாக்கில் உட்காராது. ஆகவே சட்டகத்தை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டுவதற்கான இரும்பு லண்டன் நகரப் பேருந்து ஒன்றின் சட்டகத்திலிருந்து வந்தது. உலகத்தின் மிக வேகமான காருக்குள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று ஆள் ஏற்றிய வண்டியின் எலும்பு!

இன்னொரு சிக்கலும் உண்டு. விமான என்ஜின் விசிறியைச் சுழற்றுவதற்காகப் பிறந்தது. அதற்கு கிளட்ச் தெரியாது, கியர் தெரியாது, நின்ற இடத்திலிருந்து இரண்டு டன் சுமையை இழுத்துப் புறப்படும் வேலையும் தெரியாது. அந்த வேலைகளைச் செய்யப் பழைய ஃபியட்டின் உறுப்புகள் தேவைப்பட்டன. பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசென்றவை, சைக்கிளில் இருப்பது போலவே ஆனால் அதைவிடப் பன்மடங்கு தடித்த சங்கிலிகள், வண்டியின் இரு பக்கமும். 1924இல் சங்கிலி வண்டி என்பது ஒரு பழங்காலப் பொருள். ஆனால் பெரும் என்ஜின்களின் முறுக்குவிசையைத் தாங்க அது போதுமாயிருந்தது. பற்சக்கரத்தை மாற்றினால் கியர் விகிதத்தையும் எளிதில் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் இருந்தது.

இந்தக் கலவைக்கு மெஃபிஸ்டோஃபிலிஸ் என்று பெயர். கதேயின் 'ஃபாஸ்ட்' முதற்பகுதி 1808இல் வெளிவந்தது. இந்த வண்டியின் சட்டகம் சரியாக நூறாண்டு கழித்து உருவானது. பெயர் 1908 போட்டியிலேயே ஒட்டிக்கொண்டது என்பாரும் உளர்; எல்ட்ரிட்ஜ் கையில் அது கக்கிய புகையையும் நெருப்பையும் இரைச்சலையும் பார்த்து வைத்தது என்பாரும் உளர். எதுவாயினும், ஆன்மாவை விற்று ஆற்றலை வாங்கும் கதையின் சாத்தான் பெயர், உள்ளுறுப்பை மாற்றி வேகம் வாங்கிய வண்டிக்கு அமைந்துவிட்டது. இதை நாம் வலிந்து இலக்கியமாக்கவில்லை.

1924 ஜூலை 6. பாரிசுக்குத் தெற்கே அர்பஜோன் என்ற ஊர். ஓடுதளம் இல்லை, ஓர்லியான் நகருக்குப் போகும் பொதுச் சாலைதான் அரங்கம். இருபுறமும் மரங்கள். அவற்றின் இடையே சாத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாம்பு போல் நெளிந்துகொண்டு ஓடியது. எல்ட்ரிட்ஜின் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார். வரலாறு ஓட்டுநர்களின் பெயரை எழுதும் அளவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர்களின் துணிவை எழுதுவதில்லை. எதிராளி, டெலாஜ் நிறுவனத்தின் வி-12 காரில் வந்த ரெனே தோமா. எல்ட்ரிட்ஜ்தான் வேகமாக ஓடினார். ஆனால் டெலாஜ் தரப்பு ஓர் ஆட்சேபம் எழுப்பியது: விதிப்படி சாதனைக்கு வரும் காருக்கு ரிவர்ஸ் கியர் இருக்க வேண்டும், மெஃபிஸ்டோஃபிலிஸுக்கு அது இல்லை. ஆட்சேபம் ஏற்கப்பட்டது. ஏறக்குறைய 230.6 கி.மீ. வேகத்தில் ஓடிய தோமாவின் பெயரில் உலகச் சாதனை பதிவாயிற்று.

தோமா தரப்பின் ஆட்சேபத்தை அற்பம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கார் என்றால் எது என்ற கேள்விக்கு அந்த விதி ஒரு விடை சொல்கிறது. முன்னோக்கி மட்டும் பாயக்கூடியது அம்பு. கார் என்பது சந்தில் மாட்டினால் பின்வாங்கி வரத் தெரிந்தது. எல்ட்ரிட்ஜும் வாதாடிக்கொண்டிராமல், பின்னோக்கி ஓடுவதற்கான ஏற்பாடொன்றைச் சில நாட்களுக்குள் செய்துகொண்டு அதே சாலைக்குத் திரும்பினார். ஜூலை 12 அன்று மணிக்கு 234.98 கிலோமீட்டர், அதாவது 146.01 மைல். உலகச் சாதனை. பொதுச் சாலை ஒன்றில் நிகழ்ந்த கடைசி உலகத் தரைவேகச் சாதனை அதுவே. மெஃபிஸ்டோஃபிலிஸ் அதை வைத்திருந்தது சுமார் பத்து வாரங்கள்தாம். செப்டம்பர் 25 அன்று வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரை மணலில் மால்கம் கேம்பல் தம் சன்பீம் காரில் 146.16 மைலைத் தொட்டார். பத்தில் ஒன்றரைப் பங்கு மைல் அதிகம்!

பிற்பாடு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1925 ஜூலையில் புரூக்லண்ட்ஸில் பாரி தாமஸின் லேலண்ட்-தாமஸ் காரோடு நடந்த இருவர் போட்டியில் மெஃபிஸ்டோஃபிலிஸ் தோற்றது. தாமஸ் 1927 மார்ச்சில் பெண்டைன் மணலில், விமான என்ஜின் பொருத்திய வேறொரு சங்கிலி வண்டியை ஓட்டும்போது இறந்தார். எல்ட்ரிட்ஜ் 1926இல் அமெரிக்காவின் இண்டியனாபோலிஸ் வரை போய்ப் பந்தயம் ஓடினார்; 1927இல் பிரான்சின் மோன்லெரி ஓடுதளத்து விபத்தில் ஒரு கண்ணை இழந்தார்; 1935இல் நிமோனியாவில் இறந்தபோது நாற்பது வயதாகவில்லை. கார் பல கைகளில் சுற்றி, 1969இல் ஃபியட் நிறுவனமே அதை வாங்கித் துரின் நகரத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்குள்ள நிறுவனக் காப்பகத்தில் அது இருக்கிறது.

இனி அந்தப் பத்து விநாடி வழக்கு. 1908 என்ஜின் இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? அதன் உயர்ந்தபட்சச் சுழற்சியை அளக்கலாம். பற்சக்கரங்களின் பல்லை எண்ணலாம். டயரின் சுற்றளவு தெரிந்தால் பெருக்கி விடை காணலாம். இன்று அந்தச் சுழற்சியின் இடத்தில் ஏட்டில் உள்ள எண்களை வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அந்த ஏட்டை எழுதியவர்களும் ஒரு கட்சிக்காரர்களாக இருக்கலாம். நாம் எந்தக் கட்சி என்று கேட்டால், கைக்கடிகாரத்தின் கட்சி. ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியாகப் பிடித்த கடிகாரங்கள் ஒரே பக்கம் பத்து விநாடி பிசகுவதைவிட, ஒரு புதுக் கருவி ஒரு முறை பிசகுவது இயல்பானது என்று எண்ணுகிறோம். நிரூபணம் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

எல்ட்ரிட்ஜைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் முன்னால் இருந்தது ஒரு வரலாற்று ஆவணமன்று. வெடித்துப்போன பழைய பந்தய என்ஜின். சுவடிகளைப் படியெடுத்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். புது ஓலையில் எழுதி முடித்ததும் பழைய ஓலை வெறும் குப்பை. படியெடுத்தவருக்கு நன்றி சொல்வதா, மூலத்தைத் தொலைத்ததற்கு வருந்துவதா என்று நம் வகுப்பில் மாணவர்கள் கேட்கும்போது இரண்டும்தான் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம். எல்ட்ரிட்ஜ் மாற்றியிராவிட்டால் அந்தச் சட்டகமும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஃபியட் 1969இல் வாங்குவதற்கு எதுவும் மிஞ்சியிராது.

நட்சாரோ 1940இல் அதே துரின் நகரத்தில்தான் காலமானார். அவர் ஓட்டிய வண்டி அவருடைய ஊருக்கு வந்து சேர்வதற்கு அதன்பிறகு இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. வந்தது, அவர் அறிந்திராத ஆறு சிலிண்டர்களோடும் லண்டன் பேருந்தின் இரும்போடும்.